வால்வை எங்கே மூடுவது? – ஒரு குழாயும் 2000 வருஷ வரலாறும்

இந்த வாரம் கணக்குப் பதிவியல் கிடையாது, ஜி.எஸ்.டி.யும் கிடையாது. குழாய் பற்றி ஒரு கட்டுரை. சிரிக்காதீர்கள். இதை எழுத வைத்தது என் சொந்த அவமானம்தான். :)

போன மே மாதம் எங்கள் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் அண்ணா ஊருக்குப் போயிருந்தார். "நானே மாத்திடறேம்மா" என்று வீரமாகச் சொன்னேன். யூடியூபில் ஒரு ஆங்கிலேயர் அழகாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் வேலை, தெருவிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வால்வை மூட வேண்டும். நானும் கேட் பக்கத்தில் போய், மெட்ரோ தண்ணீர் குழாயில் இருந்த வால்வை இறுக்கி மூடினேன். பிறகு மாடிக்கு வந்து ஸ்பானரைப் போட்டுத் திருகினேன். குழாய் கையோடு வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது, மூஞ்சியில்!

துணியை வைத்து அடைத்தேன், அம்மா கையை வைத்து அடைத்தார், ஒன்றும் ஆகவில்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டிக்குக் கீழே நாலு வால்வுகள். எங்கள் வீட்டுக்கு எது என்று எவற்றிலும் எழுதவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் திருகினால் சக்கரம் சும்மா சுற்றுகிறது. இன்னொன்று துரு பிடித்து அசையவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் 1000 லிட்டர் தொட்டி காலி.

அந்தத் தொட்டி எங்களுடையது மட்டும் அல்ல. நாலு வீடுகளுக்கும் பொது. அன்று காலைதான் எல்லாரும் பணம் போட்டு லாரித் தண்ணீர் வாங்கியிருந்தோம். அடுத்த லாரி மூன்று நாள் கழித்துத்தான். கீழ் வீட்டில் பிறந்து இருபது நாளே ஆன குழந்தை. கீழ் வீட்டு அக்கா திட்டவில்லை. "பரவால்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் அந்த ஆங்கிலேயர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அது சரி. என் வீட்டில் அது தப்பு. ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

ரோம்: மூடியும் திருட்டும்

வீட்டுக்குள் ஒரு வால்வு வைத்து, வேண்டும்போது தண்ணீரை நிறுத்தும் பழக்கம் ரோமானியர்களிடமே இருந்தது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலையில் புதைந்த பொம்பெய் நகரத்து வீடுகளில் ஈயக் குழாய்களும் வெண்கல வால்வுகளும் கிடைத்திருக்கின்றன. அமைப்பு மிக எளிது. ஒரு வெண்கலக் கூடு, அதற்குள் ஓட்டை போட்ட ஒரு உருளை. ஓட்டை குழாய்க்கு நேராக இருந்தால் தண்ணீர் போகும். உருளையைக் கால் சுற்று திருப்பினால் நின்றுவிடும். இந்தக் "கால் சுற்று" என்பதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

பொம்பெயில் இன்னொரு விஷயம். அங்கே எரிமலைக்குப் பதினேழு வருஷம் முன்னால், கி.பி. 62 வாக்கில், பெரிய நிலநடுக்கம் வந்தது. அதில் கெட்டுப்போன குழாய்களைச் சரி செய்யும் வேலை எரிமலை வெடித்தபோதும் முடியவில்லை. குழாய்க்காகத் தோண்டிய பள்ளங்கள் சில தெருவோரங்களில் அப்படியே திறந்து கிடந்தன. ரோடு தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போவது நமக்கு மட்டும் சொந்தமான கலாச்சாரம் இல்லை போல!

ரோம் நகரத் தண்ணீருக்கு கி.பி. 97-ல் ஃப்ரொன்டைனஸ் என்பவரை அதிகாரியாக நியமித்தார்கள். அவர் பதவிக்கு வந்ததும் செய்த வேலை எந்த ஆடிட்டருக்கும் பிடிக்கும். இருப்பு எவ்வளவு, கணக்கில் காட்டியது எவ்வளவு, நடுவில் காணாமல் போனது எவ்வளவு என்று எடுத்து ஒரு புத்தகமே எழுதினார்.

அதில் அவர் சொல்லும் திருட்டுகள் சுவாரசியமானவை. தனியார் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தில், விநியோகத் தொட்டியில், அளவு முத்திரை குத்திய ஒரு வெண்கலக் குழல் பொருத்துவார்கள். ஈயம் என்றால் வளைத்துப் பெரிதாக்கிவிடலாம், வெண்கலத்தை அப்படி வளைப்பது கஷ்டம், அதனால் வெண்கலம். தண்ணீர் உரிமை ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. வாரிசுக்கும் போகாது, வீட்டை வாங்கியவருக்கும் போகாது. உரிமை புது ஆளுக்கு மாறும்போது தண்ணீர் ஊழியர்கள் தொட்டியில் புது ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். பழைய ஓட்டையை? அடைக்க மாட்டார்கள். அதிலிருந்து வரும் தண்ணீரைத் தனியாக விற்பார்கள்! நடைபாதைக்கு அடியில் போகும் குழாயில் திருட்டுத்தனமாகத் துளை போட்டு விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆக, 1900 வருஷம் முன்பே பிரச்சினை இதுதான்: தண்ணீரைத் திறப்பது எல்லாருக்கும் தெரியும். சரியான இடத்தில் மூடுவதுதான் வேலை.

லண்டன்: தெருவுக்கே ஒரு சாவி

இப்போது ஒரே தாவலாக லண்டனுக்கு வருவோம். 1613-ல் ஹியூ மிடில்டன் என்ற பொற்கொல்லர், ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் ஊற்றுகளிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி லண்டனுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். பெயர் "நியூ ரிவர்". நடுவில் காசு தீர்ந்துபோனது. மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1612-ல் பாதிச் செலவைத் தான் ஏற்று, பாதி லாபத்தை எழுதி வாங்கிக்கொண்டார். 1619-ல் இது முறையான கம்பெனி ஆனது. (காமர்ஸ் மாணவர்களே, கூட்டுப் பங்குக் கம்பெனிக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது, பரீட்சையில் எழுதிக்கொள்ளுங்கள்.)

நகரத்துக்குள் தண்ணீர் போனது மரக் குழாய்களில். எல்ம் மரத்தின் தண்டை நீளமாகக் குடைந்து, ஒன்றின் முனையை இன்னொன்றில் செருகித் தெருவுக்கு அடியில் புதைப்பார்கள். அதிலிருந்து வீட்டுக்கு மெல்லிய ஈயக் குழாய். மரக் குழாய் அதிக அழுத்தம் தாங்காது. மூட்டுக்கு மூட்டு ஒழுகும். எனவே எல்லாத் தெருவுக்கும் எல்லா நேரமும் தண்ணீர் விட முடியாது. முறை வைத்து விட்டார்கள்.

இந்த முறையை நடத்தியவர்கள் "டர்ன்காக்" எனப்பட்ட ஊழியர்கள். கையில் நீளமான இரும்புச் சாவி. குறிப்பிட்ட நாளில் வந்து, தெரு வால்வைத் திறந்து, சில மணி நேரம் கழித்து மூடிவிட்டுப் போவார்கள். அதற்குள் வீட்டில் இருக்கும் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லாத ஏழைகள் வாளியும் பீப்பாயும் வைத்துக்கொண்டு தெருக்குழாயில் நின்றார்கள். படிக்கும்போது "அட, நம்ம தெரு!" என்று தோன்றியது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தீ பிடித்தால்? குழாயில் தண்ணீர் இருக்காது. முதலில் டர்ன்காக்கைத் தேடி எழுப்பிக்கொண்டு வர வேண்டும். மரக் குழாய்க் காலத்தில் தெருவைத் தோண்டி, குழாயில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துவிட்டு, பிறகு மரக்கட்டையால் அடைப்பார்கள். ஆங்கிலத்தில் தீயணைப்புக் குழாய்க்கு "ஃபயர் பிளக்" என்று பெயர் வந்தது அந்தக் கட்டையால்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு வீட்டுக்காரர் குழாயை ரிப்பேர் செய்ய தெரு வால்வைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். முக்கால்வாசி நேரம் தெருக் குழாயில் தண்ணீரே இல்லையே! அவர் தடுக்க வேண்டியது வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான்.

24 வயசு இன்ஜினியர்

இதை மாற்றிக் காட்டியது லண்டன் அல்ல, நாட்டிங்ஹாம். தாமஸ் ஹாக்ஸ்லி 1807-ல் பிறந்தவர். 1831-ல் அந்த ஊருக்கு டிரெண்ட் ஆற்றிலிருந்து தண்ணீர்த் திட்டம் அமைத்தபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயசு. (நான் அந்த வயசில் ஒரு வாஷர் மாற்றத் தெரியாமல் நிற்பேன் போலிருக்கிறது.) இரும்புக் குழாயில், நல்ல அழுத்தத்தில், 24 மணி நேரமும் தண்ணீர். அதுவரை எல்லாரும் "எப்போதும் திறந்துவிட்டால் வீணாகும், ஒழுகும்" என்றார்கள். குழாயும் பொருத்துகளும் ஒழுங்காக இருந்தால் வீணாகாது என்று அவர் நடத்திக் காட்டினார். 1840-களில் பெரிய நகரங்களின் சுகாதாரத்தை விசாரித்த ராயல் கமிஷன் முன்னால் சாட்சியும் சொன்னார்.

எப்போதும் அழுத்தம் இருப்பதில் சுகாதார லாபமும் உண்டு. குழாய்க்குள் தண்ணீர் நிறைந்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால், விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விட்டால், குழாய் காலியாகும்போது அதே விரிசல் வெளி அழுக்கை உள்ளே இழுக்கும்.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். 24 மணி நேரமும் அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால், ஒரு வீட்டுக் குழாயை எப்படிக் கழற்றுவது? முழுத் தெருவையும் மூட முடியுமா? ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வால்வு வேண்டும். அதுவும் அழுத்தம் தாங்குகிற வால்வு.

இரண்டு கண்டுபிடிப்புகள் இங்கே முக்கியம். முதலாவது, 1839-ல் ஜேம்ஸ் நாஸ்மித் (நீராவிச் சம்மட்டியைக் கண்டுபிடித்த அதே ஆள்) தெருப் பெருங்குழாய்களுக்காக வடிவமைத்த ஆப்பு வடிவ வால்வு. ஆப்பு கீழே இறங்கும்போது இரண்டு பக்கமும் இறுகி உட்காரும். எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தம் வந்தாலும் கசியாது. நம் மொட்டை மாடி கேட் வால்வு அதே குடும்பம்தான்.

இரண்டாவது, 1845-ல் ரோதர்ஹாம் ஊரைச் சேர்ந்த எட்வர்ட் கிரைம்ஸ் காப்புரிமை பெற்ற திருகு குழாய். திருகாணி மெதுவாக இறங்கி, ஒரு வாஷரை ஓட்டையின் மேல் அழுத்தி மூடும். பழைய ரோமானிய வகை வால்வைப் பட்டென்று மூடினால், ஓடிவந்த தண்ணீர் முட்டி "டொம்" என்று அடித்துக் குழாயையே உடைக்கும். திருகு வகை மெதுவாக மூடுவதால் அந்த அடி இல்லை. தேய்ந்தாலும் வாஷரை மட்டும் மாற்றினால் போதும்.

1855-ல் பிரிட்டனில் கம்பெனிகளுக்கு "வரையறுக்கப்பட்ட பொறுப்பு" சட்டம் வந்தது. ஒரு கம்பெனி கவிழ்ந்தால் பங்குதாரர் போட்ட பணத்தோடு நஷ்டம் நிற்கும், வீட்டைத் தேடி வராது. வால்வும் அதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழாய் உடைந்தால் நஷ்டம் அந்த வீட்டோடு நிற்கும். எங்கள் மொட்டை மாடியில் வால்வு வேலை செய்யாததால் என் நஷ்டத்தை நாலு வீடும் சுமந்தது.

சாவி யார் கையில்?

லண்டனுக்குத் தொடர் விநியோகம் கொண்டுவர 1871-ல் சட்டம் போட்டார்கள். அதன் கீழ் 1872-ல் வந்த விதிகளில் ஒன்று: தெருவிலிருந்து வரும் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திருகு வகை வால்வு ஒன்று இருக்க வேண்டும். ஆக, யூடியூப் ஆங்கிலேயர் காட்டிய வால்வின் தாத்தா அதுதான்! அவர் ஊரில் தெருக் குழாயின் அழுத்தம் நேராகச் சமையலறைக் குழாய்க்கு வருகிறது. நுழைவாயிலில் மூடினால் போதும். அங்கேயும் பழைய வீடுகளில் பரண் மேல் தொட்டி இருக்கும், அந்தத் தண்ணீருக்குத் தொட்டிப் பக்கம் தனி வால்வு தேட வேண்டும்.

ஆனால் வால்வு என்றால் ரிப்பேர் மட்டும் இல்லை, அதிகாரமும்தான். கட்டணம் கட்டாவிட்டால் கம்பெனி தெருவில் தன் வால்வை மூடிவிடும். வீட்டு உரிமையாளர் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால் தாகத்தில் தவிப்பவர் வாடகைக்காரர். அப்படிப்பட்ட வீடுகளில் தண்ணீரை வெட்டக் கூடாது என்று 1887-ல் ஒரு சட்டம் வந்தது. 1904-ல் எட்டுத் தனியார் கம்பெனிகளும் போய் லண்டனுக்கு ஒரே பொது வாரியம் வந்தது. கடைசியில் 1999-ல், கட்டணம் பாக்கி என்ற காரணத்துக்காக எந்த வீட்டுத் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தார்கள்.

உள்ளே இருக்கும் வால்வு வீட்டுக்காரருக்குச் சுதந்திரம். வெளியே இருக்கும் வால்வு அடுத்தவர் கையில் இருக்கும் கயிறு. இரண்டும் ஒரே இரும்புதான்.

நம்ம ஊர்

சென்னைக்கு வருவோம். 1872-ல், அதாவது லண்டனில் அந்த விதி வந்த அதே வருஷம், செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை தண்ணீர் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகரத்துக்குப் போக ஆரம்பித்தது. வடிகட்டாத தண்ணீர். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தன. 1978-ல் குடிநீர் வாரியத்துக்கான சட்டம் வந்தது.

நகரம் வளர்ந்த வேகத்துக்கு ஏரிகள் வளரவில்லை. 2019 கோடையில் ஏரிகள் எப்படிக் காய்ந்து கிடந்தன என்பது நமக்குத் தெரியும். எனவே பெரும்பாலான தெருக்களில் முறை வைத்துத்தான் தண்ணீர். நீளச் சாவியோடு வந்து தெரு வால்வைத் திறப்பவர் இங்கே இன்னும் இருக்கிறார். லண்டன்காரர்களின் வீட்டுத் தொட்டி வேலையை நம் சம்ப்பும் மொட்டை மாடித் தொட்டியும் செய்கின்றன. தெருக் குழாய் சம்ப்பை நிரப்பும், மோட்டார் மேலே ஏற்றும், அங்கிருந்து சமையலறைக்கு இறங்கும்.

நான் மூடியது முதல் படியை. உடைத்தது கடைசிப் படியை. நடுவில் 1000 லிட்டர் காத்துக்கொண்டிருந்தது. வீடியோவில் இருந்தவர் 1872-க்கு அப்புறம் வந்த வீட்டில் இருக்கிறார், நான் அதற்கு முந்திய வீட்டில் இருக்கிறேன். இதுதான் என் கேள்விக்குப் பதில்.

கற்ற பாடம்

ஊரிலிருந்து திரும்பிய பிளம்பர் அண்ணா சொல்லிக் கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

1. கழற்றப் போகும் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். தொட்டியிலிருந்து என்றால் தொட்டி வால்வு. தெருவிலிருந்து நேராக என்றால் கேட் பக்கத்து வால்வு.

2. மோட்டாரையும் கீசரையும் ஆஃப் செய்யுங்கள்.

3. வால்வை மூடியதும் ஸ்பானரைத் தொடாதீர்கள். குழாயைத் திறந்து வையுங்கள். தண்ணீர் மெலிந்து முழுசாக நிற்க வேண்டும். நிற்கவில்லையா, வால்வு தப்பு அல்லது கெட்டது. வேலையை அங்கேயே நிறுத்துங்கள். (நான் இதை மட்டும் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.)

4. ஒரு டம்மியும் டெஃப்லான் டேப்பும் கையில் இருக்கட்டும். ஏதாவது ஆனால் டம்மியைத் திருகி அடைத்துவிடலாம்.

5. முடிந்ததும் வால்வை மெதுவாகத் திறங்கள். ஒரு குழாயைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறும்.

6. சில மாதத்துக்கு ஒரு முறை எல்லா வால்வையும் ஒரு தடவை மூடித் திறங்கள். கேட் வால்வைப் பாதியில் விடாதீர்கள். அசைக்காமல் விட்டால் உப்பும் துருவும் பிடித்து, தேவைப்படும் நாளில் காலை வாரிவிடும்.

அண்ணா எங்கள் மாடியில் நாலு பழைய கேட் வால்வையும் எடுத்துவிட்டு பால் வால்வு போட்டார். உள்ளே ஓட்டை போட்ட ஒரு உருண்டை. கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடிவிடும். பொம்பெயில் இருந்த அதே யோசனை! ரோமானியரிடம் இல்லாதது நடுவில் இருக்கும் அந்த வழவழ வளையம். வெண்கலத்தோடு வெண்கலம் உரசினால் தேயும். 1938-ல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட டெஃப்லான் அந்த இடத்தில் உட்கார்ந்து கசியாமல் பிடிக்கிறது.

நாலு வால்வுக்கும் செலவை நான்தான் கொடுத்தேன், டியூஷன் எடுத்த காசில். ஒவ்வொன்றிலும் பெயிண்டால் வீட்டு எண் எழுதினேன். கீழ் வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து பார்த்தார். "எங்களுது எது?" என்றார். காட்டினேன். ஒரு தடவை மூடி, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாராவது நேராக ஸ்பானரை எடுத்தால் கம்பெனி பொறுப்பல்ல. முதலில் மாடிக்குப் போய் உங்கள் வீட்டு வால்வு சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். :)